காய்ச்சல் விட்டாலும் கவனம் விடலாகாது

1996-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தில்லியில் நீண்ட காலமாக இருப்பவர்கள் அந்த மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். நவராத்திரி சமயம். வீட்டுக்கு வீடு கொலு வைத்திருந்தார்கள். ஆனால் சுண்டலுக்கு வரும் குழந்தைகள் குறைந்துகொண்டே போனார்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. நான்கு நாள் அடித்த காய்ச்சல் ஐந்தாம் நாள் காலையில் விட்டுவிட்டது. அவன் அம்மாவுக்கு நிம்மதி. ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். பையன் இரண்டு வாய் சாப்பிட்டு வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்றான். "நாலு நாள் வெறும் வயிறு, அதனால்தான்" என்று எல்லோரும் சொன்னோம். மத்தியானம் முழுதும் சத்தமில்லாமல் படுத்திருந்தான். நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தோம்.

சாயங்காலம், ஊரிலிருந்து வந்திருந்த அவன் பாட்டி போர்வையைச் சரி செய்யப் போனவர், பாதத்தைத் தொட்டுவிட்டுத் திடுக்கிட்டார். "ஏண்டி, குழந்தை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கே! காய்ச்சல் விட்டா கால் இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் பையனைக் காப்பாற்றியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்த காலம் அது. இரவெல்லாம் சலைன் ஏறியது. மூன்றாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டான். அடுத்த பிளாக்கில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. அவளுக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு தில்லியில் கணக்குக்கு வந்த டெங்கு நோயாளிகள் 10,252 பேர்; இறந்தவர்கள் 423 பேர். நூறு பேரில் நான்கு பேர். 2015-இல் மறுபடி பெரிய அளவில் டெங்கு பரவியபோது 15,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இறந்தவர்கள் சுமார் 60 பேர். அதாவது ஆயிரத்தில் நான்கு பேர். பின்னாளில் பரிசோதனை வசதி பெருகி, லேசான காய்ச்சல்களும் கணக்கில் சேர்ந்தது இதற்கு ஒரு காரணம். எப்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் கற்றுக்கொண்டது மற்றொரு காரணம். அந்தப் பாடத்தைக் குடும்பத்தினரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

காய்ச்சல் விட்ட பின் ஏன் ஆபத்து?

மற்ற பல காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நோய் தணிந்தது என்று பொருள். டெங்குவில் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. முதல் கட்டத்தில் இரண்டு முதல் ஏழு நாள் வரை கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தலைவலி, மூட்டுகளில் முறித்துப் போட்டது போன்ற வலி. இந்தக் கட்டம் பார்க்கப் பயமாக இருக்கும்; ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

இரண்டாம் கட்டம் காய்ச்சல் இறங்கும் சமயத்தில் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் சேர்கிறது. குழாய்க்குள் மீதமிருக்கும் இரத்தம் கெட்டியாகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் இரத்தம் வேண்டும் என்று உடம்பு கை கால்களுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் பாதம் சில்லிட்டது. அந்தப் பையன் தூங்கவில்லை, தளர்ந்து கிடந்தான்.

இந்த ஆபத்துக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம்தான். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானாகவே இரத்தத்துக்குத் திரும்புகிறது. பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும், சிலருக்கு உடம்பில் அரிப்பு வரும். இது மூன்றாம் கட்டம், குணமாகும் கட்டம். ஆக, காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் விழித்திருந்து பார்த்துக்கொள்வதே டெங்குவில் குடும்பத்தினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

ஓட வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும், நடு இரவானாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1. வயிற்றில் கடுமையான, விடாத வலி.
2. நிற்காத வாந்தி, குடித்தது எதுவும் தங்காமை.
3. ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம், வாந்தியில் இரத்தம், மலம் கறுத்துப் போதல்.
4. கை கால் சில்லிட்டு, தோல் வெளுத்து ஈரமாக இருத்தல்.
5. அளவு கடந்த சோர்வு, மயக்கம், அல்லது காரணமில்லாத அமைதியின்மை. குழந்தையானால் விடாத சிணுங்கல்.
6. மூச்சு வாங்குதல்.
7. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை.

ஏழாவது அறிகுறியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறோம். ஒரு தாளில் நேரத்தையும், எத்தனை டம்ளர் குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார் என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் பெரிய உதவி.

வீட்டில் என்ன கொடுக்கலாம்?

திரவம், திரவம், திரவம். உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், பருப்புத் தண்ணீர் எல்லாம் நல்லவை. ஒரேயடியாக ஒரு சொம்பு குடிக்க வைப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் கொடுத்தால் தங்கும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சேர வேண்டும். பீட்ரூட், மாதுளை போன்ற சிவப்புச் சாறுகள் இந்த நாட்களில் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது சாறா இரத்தமா என்று மருத்துவரே குழம்ப நேரிடும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கொடுக்கலாகாது. இடையில் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கொடுக்கவே கூடாதவை ஆஸ்பிரின், டிஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். இவை இரத்தம் கசிவதை அதிகமாக்கும். நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் இருக்கும் காம்பிஃப்ளாம் மாத்திரையில் பாரசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபெனும் இருக்கிறது. உடம்பு வலி தாங்காமல் தவிக்கிறாரே என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள். தெருமுனையில் ஊசி போட்டுக்கொள்வதும், யாரையாவது வீட்டுக்கு அழைத்து குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வதும் தவறு. ஆபத்துக் கட்டத்தில் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதை மணிக்கு மணி பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அளவு மீறினால் அது நுரையீரலில் தேங்கும்.

சில கேள்விகள்

"பிளேட்லெட் குறைந்துவிட்டதே, உடனே ஏற்ற வேண்டாமா?" சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் டெங்குவில் ஐம்பதாயிரம், முப்பதாயிரம் என்று இறங்குவது உண்டு. எண்ணைக் கேட்டதும் இரவோடு இரவாக இரத்த வங்கிகளைச் சுற்றி ஓடுகிறோம். இரத்தப்போக்கு இல்லையென்றால் பெரும்பாலோருக்குப் பிளேட்லெட் ஏற்றத் தேவையே இருப்பதில்லை. சில நாட்களில் தானாக ஏறிவிடும். அதே பரிசோதனைத் தாளில் இரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹெமடோகிரிட் என்ற எண்ணும் இருக்கும். பிளேட்லெட் இறங்கும்போதே இந்த எண் ஏறிக்கொண்டு போனால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் இந்த எண்ணையும் கேளுங்கள்.

"பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா?" ஊரிலிருந்து நிலவேம்புப் பொடி வரவழைத்து வைத்திருக்கும் வீடுகள் தில்லியில் நிறைய. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதானால் கொடுங்கள். ஆனால் "கஷாயம் கொடுத்திருக்கிறோம், நாளை பார்க்கலாம்" என்று மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் கசப்புச் சாறு கொடுத்தால் வாந்தி அதிகமாகி, குடித்த திரவமும் வெளியே போய்விடும்.

"ஒரு முறை வந்துவிட்டது, இனி வராதல்லவா?" டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. வந்த வகைக்கு மட்டுமே நீடித்த எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். வேறு வகை தாக்கினால் இரண்டாம் முறை நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். முன்பு வந்தவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டதே?" என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில் பயன் தரும்; ஐ.ஜி.எம். பரிசோதனை அதற்குப் பிறகு. தவறான நாளில் எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று வரக்கூடும். முடிவு எப்படி இருந்தாலும் மேலே சொன்ன ஏழு அறிகுறிகளைக் கவனியுங்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோரைக் காய்ச்சலின் முதல் நாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இருதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். தாமாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து.

இன்னொன்று. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசு எட்டுப் பத்து நாட்களில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் நோயைக் கொடுக்கும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. ஒரே வீட்டில் மூன்று பேர் படுத்துவிடுவது இப்படித்தான்.

நம் வீட்டுத் தண்ணீரில் வளரும் பகை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிரியம். கறுத்த உடலிலும் கால்களிலும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். பகலில் கடிக்கும், காலையிலும், பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும் அதிகமாக. இரவில் கொசுவர்த்தி ஏற்றிவிட்டுப் பகலில் சும்மா இருந்தால் பயனில்லை. நீண்ட தூரம் பறக்காது. சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்களைக் கடித்த கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

இதன் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்தாலும் பல மாதம் சாகா. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும்; அதையும் வாரம் ஒரு முறை தவறாமல் செய்ய வேண்டும்.

தில்லியில் இதற்கு முதல் இடம் கூலருக்கு. காற்றில் ஈரம் ஏறியதும் ஜூலை கடைசியில் கூலரை நிறுத்திவிடுகிறோம்; தண்ணீர் அடியில் அப்படியே நிற்கிறது. ஓடும் நாட்களிலும் குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்புகிறோமே தவிர, வடித்துக் கழுவுவதில்லை. பருவம் முடிந்ததும் தண்ணீரை வடித்து, தொட்டியைத் தேய்த்துத் துடைத்து, பழைய புல் அடைப்பை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். அடுத்த கோடைக்கு முட்டைகளைச் சேமித்து வைப்பது அந்தப் புல்தான்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதக் கடைசியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் திரும்பி வருவது ஜூன் முடிவில். கேஸ் மூடினோமா, பூட்டு பூட்டினோமா என்று பார்க்கிறோம். கூலரையும், வாளிகளையும், குளியலறையில் பிடித்து வைத்த டிரம்மையும் பார்ப்பதில்லை. நாம் வரும் நேரத்தில்தான் தில்லியில் மழை தொடங்குகிறது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் குரங்குகள் தள்ளிவிட்டுப் போவது பல காலனிகளில் வழக்கம். கம்பியால் கட்டி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதிலும் தண்ணீர் சேரும். மணிப்ளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, பறவைகளுக்கு வைத்த கிண்ணம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாமே அதற்கு வீடுதான். மிக்ஸி வந்தபின் பால்கனிக்குப் போன ஆட்டுக்கல்லையும் மறந்துவிடாதீர்கள். மழை பெய்தால் அதன் குழியில் ஒரு படி தண்ணீர் நிற்கும். கவிழ்க்க முடியாத கல் என்பதால் குழியில் மணலை நிரப்பி வையுங்கள்.

புகை மருந்து வண்டி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழுவுக்கும் சுவரிலுள்ள முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. மாநகராட்சியிலிருந்து வீட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வரும் ஊழியர்களை உள்ளே விடுங்கள். புழு இருந்தால் நோட்டீஸ் கொடுப்பார்களே என்று கதவை மூடினால் கொசு நம்மோடுதான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தில்லி அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பத்து வாரங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம், தத்தம் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. எளிமையான வழி. இதைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் கண் கூர்மையானது. ஒரு நோட்டில் கீழ்க்கண்டவற்றை எழுதி, முடித்ததும் குறியிடச் சொல்லுங்கள்.

1. கூலர்: வடித்தாயிற்று, தேய்த்தாயிற்று, உலர்ந்தது.
2. வாளி, டிரம், குடம்: மூடியிருக்கிறது அல்லது துணி கட்டியிருக்கிறது.
3. மாடித் தொட்டி மூடி: பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார்.
4. பிரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பறவைக் கிண்ணம்: கழுவியாயிற்று.
5. பால்கனி, மாடி மூலை: கவிழ்க்க வேண்டியவை கவிழ்த்தாயிற்று.

தேங்கிய நீரில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் துள்ளி அடியில் போகும் சிறு புழுக்களை ஒரு முறை பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். பிறகு மறக்க மாட்டார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை பள்ளிக்கும் விளையாட்டுக்கும் முழுக்கை, முழுக்கால் உடை அணிவியுங்கள். மத்தியானம் தூங்கும் கைக்குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் கொசுவலை வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கொசு விரட்டும் களிம்பு கூடாது, வலை போதும்.

 நம் நாட்டு டெங்குத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் பக்கத்திலுள்ள ரோத்தக்கில் தொடங்கியது. தடுப்பூசி வந்தாலும் கூலர் கழுவும் வேலை நம்மை விடாது. 2016-இல் தில்லியை முடக்கிய சிக்குன்குன்யாவையும் பரப்புவது இதே கொசுதான்.

1996-இல் எங்களுக்கு இவ்வளவு தெரியாது. அந்தப் பாட்டிக்கும் பிளேட்லெட் தெரியாது, ஹெமடோகிரிட் தெரியாது. பேரன் காலைத் தொட்டுப் பார்த்தார், இது சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டால் மகிழுங்கள்; ஆனால் அடுத்த இரண்டு நாள், இரவும் பகலும், அவர் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.